சம்பள உயர்வு: அவருக்கு ஏன் அவ்வளவு, எனக்கு ஏன் இவ்வளவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சம்பளப் பிரிவில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவன் நான். இன்கிரிமென்ட் கடிதங்கள் போன மறுநாள் காலையில் என் மேஜைக்கு முன்னால் யார் யார் வந்து நிற்பார்கள், என்ன கேட்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம். அந்தக் கேள்விகளோடு, அரசு வேலையில் இருக்கும் உறவினர்களும் வெளிநாட்டில் இருக்கும் நண்பர்களும் கேட்டவற்றையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

நானும் நண்பனும் ஒன்றாகப் படித்து, ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தோம். இந்த வருடம் அவனுக்கு 14 சதவீதம், எனக்கு 4. நான் என்ன குறைத்து வேலை செய்தேன்?

பெரும்பாலும் எதுவும் குறைத்துச் செய்திருக்க மாட்டீர்கள். வேலையை எப்படிச் செய்தோம் என்பதற்கு உயர்வில் பங்கு உண்டு, ஆனால் அது வரிசையில் கடைசியாக வருகிறது. முதலில் கேட்க வேண்டியது, உங்கள் சம்பளத்தை யார், எங்கே உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள் என்பதைத்தான்.

சில வேலைகளில் விலைவாசிக் குறியீடு ஏறினால் சம்பளம் தானாக ஏறும். யாரும் யாரிடமும் போய் நிற்க வேண்டாம். சிலவற்றில் தொழிற்சங்கமும் முதலாளிகளும் பேசி ஒப்பந்தம் போடுகிறார்கள். சிலவற்றில் அரசாங்கம் குழு அமைத்து, அது சொல்வதை ஏற்கிறது. மற்ற எல்லாவற்றிலும் மேலாளர் கையில் ஒரு தொகையைக் கொடுத்து, ‘இதற்குள் பார்த்து முடித்துக்கொள்’ என்று விட்டுவிடுகிறார்கள். உங்கள் நண்பன் ஆள் கிடைக்காமல் தவிக்கும் துறையில் இருக்கலாம், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் ஒப்பந்தம் அவனுக்கு இந்த வருடம் வந்திருக்கலாம், பணவீக்கம் 12 சதவீதம் ஓடும் நாட்டில் இருக்கலாம். 14 என்பது இந்த மூன்றிலும் வெவ்வேறு பொருள் உள்ள எண்.

தனியார் நிறுவனத்தில் அந்தச் சதவீதம் எப்படித்தான் முடிவாகிறது?

வருடம் முடிவதற்குள் நிதிப் பிரிவு ஒரு எண்ணைச் சொல்லிவிடும். மொத்தச் சம்பளச் செலவு இத்தனை சதவீதம் கூடலாம், அதற்கு மேல் கூடாது. அதை 8 என்று வைத்துக்கொள்வோம். 8 என்று கேள்விப்பட்டதும் ஆளுக்கு 8 என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். சரி, எக்செல் ஷீட்டைத் திறப்போம்.

பத்துப் பேர் கொண்ட ஒரு டீம். எல்லோருடைய மாதச் சம்பளமும் சேர்ந்து 6,00,000. அதில் 8 சதவீதம் 48,000. மேலாளரிடம் இருக்கும் பணம் அவ்வளவுதான். 80,000 வாங்கும் ஒருவர் போய்விட்டால் டீமே படுத்துவிடும். அவருக்கு 15 சதவீதம் போட்டால் 12,000 போயிற்று. ஆளுக்கு 70,000 வாங்கும் இரண்டு பேருக்குப் பதவி உயர்வு, 12 சதவீதம் வீதம், அது 16,800. மிச்சம் 19,200. மீதி ஏழு பேரின் மொத்தச் சம்பளம் 3,80,000. கணக்குப் போட்டால் ஆளுக்கு 5 சதவீதம் வருகிறது. அந்த ஏழு பேரில் ஒருவர்கூட மோசமாக வேலை செய்யவில்லை.

அந்த ஷீட்டின் அடியில் ஒரு கட்டம் உண்டு. மொத்தம் 48,000-ஐத் தாண்டினால் சிவப்பாகிவிடும். இரவு ஒன்பது மணிக்கு மேலாளர்கள் அதை வைத்துக்கொண்டு ஒருவரிடம் அரை சதவீதம் எடுத்து இன்னொருவருக்குப் போட்டுப் பார்ப்பார்கள். சிவப்பு போனதும் லேப்டாப்பை மூடிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். உங்களுக்கு 5.5 வராமல் 5 வந்ததற்கு நிஜமான காரணம் பல நேரம் அந்தச் சிவப்புதான். ‘இன்னும் முன்முயற்சி காட்ட வேண்டும்’ என்ற வாசகம் மறுநாள் எழுதப்படுவது.

எனக்கும் பக்கத்து சீட்டுக்காரருக்கும் ஒரே ரேட்டிங். அவருக்கு 11, எனக்கு 6. இது அநியாயம் இல்லையா?

உங்கள் பதவிக்கான சம்பள வரம்பை, அதாவது பேண்டைப் பாருங்கள். ஒவ்வொரு பதவிக்கும் கீழ் எல்லை, மேல் எல்லை, நடுப்புள்ளி என்று நிறுவனம் வைத்திருக்கும். உங்கள் பதவிக்கு 50,000 முதல் 90,000 வரை, நடுப்புள்ளி 70,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் 56,000-ல் இருக்கிறார், நீங்கள் 84,000-ல். ஒரே ரேட்டிங் என்றாலும் கீழே இருப்பவரை நடுவுக்குத் தள்ளவும், மேலே இருப்பவரின் வேகத்தைக் குறைக்கவும் அட்டவணையே போட்டு வைத்திருப்பார்கள். அவருடைய 11 சதவீதம் 6,160. உங்கள் 6 சதவீதம் 5,040. தொகையாகப் பார்த்தால் வித்தியாசம் ஆயிரத்துச் சொச்சம்.

பேண்டின் உச்சியைத் தொட்டுவிட்டால், அடுத்த பதவிக்குப் போகும்வரை மொத்தத் தொகையாக ஒருமுறை ஏதாவது தருவார்களே தவிர, சம்பளம் நகராது. ‘நான் பேண்டில் எங்கே இருக்கிறேன்?’ என்று கேட்பது தவறில்லை. சொல்ல மாட்டேன் என்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

அரசு வேலையில் இந்தத் தொல்லையே இல்லை, அப்படித்தானே?

இந்தத் தொல்லை இல்லை. வேறு தொல்லை உண்டு.

இந்திய மத்திய அரசு ஊழியருக்கு ஊதிய அட்டவணையில் வருடம் ஒரு படி ஏறும். அது ஏறக்குறைய 3 சதவீதம். வேலையில் புலியாக இருந்தாலும் அதே படி, பூனையாக இருந்தாலும் அதே படி. ஜனவரி 1 அல்லது ஜூலை 1 அன்று வரும். அதற்கு மேல் வருடத்துக்கு இரண்டு தடவை அகவிலைப்படி. அப்புறம் பத்து வருடத்துக்கு ஒருமுறை ஊதியக் குழு: ஆறாவது குழுவின் சம்பளம் 2006 ஜனவரி 1 முதல், ஏழாவது குழுவின் சம்பளம் 2016 ஜனவரி 1 முதல்.

ஏழாவது குழு வந்தபோது எங்கே பார்த்தாலும் ‘2.57 மடங்கு’ என்ற பேச்சு. குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 7,000-லிருந்து 18,000 ஆயிற்று. கேட்பதற்கு இரண்டரை மடங்கு. ஆனால் அந்த நேரத்தில் அகவிலைப்படி 125 சதவீதம் ஓடிக்கொண்டிருந்தது. 7,000 அடிப்படைச் சம்பளக்காரர் ஏற்கெனவே 15,750 வாங்கிக்கொண்டிருந்தார். 15,750-லிருந்து 18,000 என்றால் 14 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். பழைய அகவிலைப்படியை அடிப்படைச் சம்பளத்தில் கரைத்துவிட்டு பூஜ்ஜியத்திலிருந்து மறுபடி எண்ண ஆரம்பிக்கிறார்கள். ஒவ்வொரு குழுவின்போதும் இந்த மடங்கு எண்ணைச் சுற்றித்தான் கனவும் கோபமும். கழித்துப் பார்க்காமல் யாரும் கடன் வாங்கிவிட வேண்டாம்.

இன்னொரு வேடிக்கை. ஜூன் 30 அன்று ஓய்வு பெறுபவர் முழு வருடம் வேலை செய்திருப்பார், ஆனால் இன்கிரிமென்ட் தேதி ஜூலை 1. ஒரு நாளில் ஒரு படி போய்விடும், அதோடு ஓய்வூதியமும் குறையும். வருடக்கணக்காக நடந்த வழக்குகளுக்குப் பிறகு 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஊழியர் பக்கம் தீர்ப்பளித்தது.

அமெரிக்க மத்திய அரசிலும் படிக்கட்டுதான். 15 நிலைகள், ஒவ்வொன்றிலும் 10 படிகள். முதல் மூன்று படி ஏற வருடத்துக்கு ஒன்று, அடுத்த மூன்றுக்கு இரண்டிரண்டு வருடம், கடைசி மூன்றுக்கு மும்மூன்று வருடம். ஒரே நிலையில் அடியிலிருந்து உச்சிக்குப் போக 18 வருடம்.

அகவிலைப்படி ஏறுவது சம்பள உயர்வா?

இல்லை. விலை ஏறியதால் நீங்கள் இழந்ததைத் திருப்பித் தருகிறார்கள், அதுவும் தாமதமாக. ஆனால் அது வராமல் போனால் சம்பளக் குறைப்பு. 2020-ல் கொரோனாவைக் காரணம் காட்டி மத்திய அரசு மூன்று தவணைகளை நிறுத்தி வைத்தது. 2021 ஜூலையிலிருந்து 17 சதவீதம் 28 ஆனது, இடைப்பட்ட மாதங்களின் நிலுவை வரவில்லை.

பெல்ஜியத்திலும் லக்சம்பர்க்கிலும் தனியார் ஊழியருக்கும் இந்த வசதி உண்டு. லக்சம்பர்க்கில் விலைக் குறியீடு 2.5 சதவீதம் நகர்ந்தால் எல்லோருடைய சம்பளமும் 2.5 சதவீதம் ஏறும். பெல்ஜியத்தில் பெருவாரியான அலுவலக ஊழியர்களுக்கு வருடத்தில் ஒருமுறை, ஜனவரியில். விலைவாசி தாறுமாறாக ஏறிய 2022-ஐ அடுத்து, 2023 ஜனவரியில் அவர்களுக்கு ஒரே அடியாக 11 சதவீதத்துக்கு மேல் ஏறியது. மற்ற நாட்டுக்காரர்கள் பொறாமைப்பட்டார்கள், முதலாளிகள் தலையில் கைவைத்தார்கள். ஊழியர் கையில் உண்மையில் கூடியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. போனது திரும்பி வந்தது.

நாட்டுக்கு நாடு ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பணவீக்கம் ஒரு காரணம், நாட்டின் உற்பத்தித் திறன் வளரும் வேகம் இன்னொன்று. எனக்கு எப்போதும் சுவாரசியமாகத் தோன்றுவது மூன்றாவது: யார் யாரோடு பேசுகிறார்கள் என்பது.

ஜப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். 1950-களின் நடுவிலிருந்து ஒவ்வொரு வசந்த காலத்திலும் சங்கங்கள் ஒரே நேரத்தில் கோரிக்கை வைக்கின்றன. ‘ஷுன்தோ’ என்று பெயர். மார்ச் மாதத்தில் பெரிய நிறுவனங்கள் பதில் சொல்ல, சிறிய நிறுவனங்கள் அதைப் பார்த்து நடக்கின்றன. அங்கே உயர்வை இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள். வயதும் அனுபவமும் கூடுவதற்காக ஏறும் வழக்கமான படி ஒன்று, அட்டவணையையே மொத்தமாக மேலே தூக்கும் ‘பேஸ் அப்’ மற்றொன்று. இந்தப் பிரிவு ரொம்ப முக்கியம். முதலாவது மட்டும் இருந்தால், இன்று 40 வயதுக்காரர் வாங்குவதும் பத்து வருடத்துக்கு முன் 40 வயதுக்காரர் வாங்கியதும் ஒன்றுதான். தனி ஆளுக்கு ஏறுகிறது, நாட்டுக்கு ஏறவில்லை. ஏறக்குறைய முப்பது வருடம் ஜப்பான் இப்படித்தான் இருந்தது. 2024-ல் ரெங்கோ தொழிற்சங்கக் கூட்டமைப்பின் கணக்கில் சராசரி உயர்வு 5.10 சதவீதம், 1991-க்குப் பிறகு முதல்முறையாக 5-ஐத் தாண்டியது. அடுத்த வருடம் 5.25. ஆனாலும் 2024-ல் எல்லாத் தொழிலாளர்களையும் சேர்த்துப் பார்த்தால் விலைவாசி போக உண்மைக் கூலி சற்றே குறைந்தது. சங்கம் இல்லாத சின்ன நிறுவனங்களுக்கு அலை அவ்வளவாக எட்டவில்லை.

சுவீடனில் 1997-லிருந்து ஏற்றுமதித் தொழில்கள் முதலில் பேசி முடிக்கின்றன. அவர்கள் ஒத்துக்கொண்ட எண்தான் மற்ற துறைகளுக்கும் அளவுகோல். 2023-ல் இரண்டு வருடத்துக்குச் சேர்த்து 7.4 சதவீதம். நர்ஸுக்கும் கடை ஊழியருக்கும் அதை ஒட்டித்தான். உலகச் சந்தையில் போட்டி போடும் தொழில் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் நாடு தாங்கும் என்பது அவர்கள் கணக்கு. ஜெர்மனியில் துறைவாரியான ஒப்பந்தம்: ஐ.ஜி. மெட்டால் என்ற உலோகத் தொழிலாளர் சங்கம் 2022 நவம்பரில் 8.5 சதவீதத்தை இரண்டு தவணையாகவும், 3,000 யூரோவைப் பணவீக்க ஈட்டுத்தொகையாகவும் வாங்கியது. அந்த 3,000 சம்பளத்தில் சேராது, வந்தது, போனது.

ஆஸ்திரேலியாவில் சங்கத்தில் இல்லாத, சம்பளம் குறைந்த ஊழியருக்காகவும் ஒரு ஆணையம் வருடாவருடம் முடிவு சொல்கிறது, ஜூலை 1 முதல் அமலுக்கு வரும். 2023-ல் 5.75, 2024-ல் 3.75, 2025-ல் 3.5 சதவீதம். அமெரிக்கத் தனியார் துறையில் பெரும்பாலானோருக்கு இவை எதுவும் இல்லை. நிறுவனம் வைத்ததே சட்டம், சாதாரண வருடங்களில் பட்ஜெட் 3 முதல் 4 சதவீதம். இந்தியத் தனியார் துறையில் சங்கம் இல்லாத அலுவலக ஊழியருக்கும் நிறுவனம் வைத்ததுதான். ஆனால் எண் 9, 10-ஐ ஒட்டி இருக்கும், பணவீக்கமும் வளர்ச்சியும் அங்கே வழக்கமாக அதிகம் என்பதால்.

துருக்கியில் வருடம் ஒருமுறை என்ற கணக்கே உடைந்தது. 2022, 2023 இரண்டு வருடமும் ஜனவரியிலும் ஜூலையிலும் குறைந்தபட்ச ஊதியத்தை ஏற்ற வேண்டியதாயிற்று. 2023 ஜனவரியில் ஏறக்குறைய 55 சதவீதம், அடுத்த ஆறே மாதத்தில் 34.

அப்படியானால் அதிகச் சதவீதம் தரும் நாடுதான் நல்லதா?

துருக்கிக்காரரைக் கேட்டுப் பாருங்கள். அந்த இரண்டு வருடங்களிலும் அதிகாரபூர்வப் பணவீக்கம் 64 சதவீதத்தைத் தாண்டியது. அர்ஜென்டினாவில் 2023-ல் 211. இலங்கையில் 2022 செப்டம்பரில் 70-ஐ ஒட்டி வந்தது. அப்போது 20 சதவீத உயர்வு வாங்கிய ஒருவர், பொருள் வாங்கும் சக்தியில் ஏறக்குறைய 29 சதவீதத்தை இழந்தார்.

கணக்கு எளிது, கழிக்காமல் வகுக்க வேண்டும். 8 சதவீத உயர்வு, 6 சதவீதப் பணவீக்கம் என்றால் 1.08-ஐ 1.06-ஆல் வகுங்கள். 1.0189 வரும். உங்கள் உண்மையான உயர்வு 1.9 சதவீதம். எண்கள் சின்னதாக இருக்கும்போது கழித்தாலும் ஏறக்குறைய அதுவே வரும். இலங்கை உதாரணம் மாதிரி பெரிய எண்களில் கழித்தால் கணக்கு எங்கேயோ போய்விடும்.

அப்புறம், சதவீதம் எதன் மேல் என்பது இருக்கிறது. 100 வாங்குபவருக்கு 10 சதவீதம் 10. 600 வாங்குபவருக்கு 3 சதவீதம் 18. வளரும் நாட்டிலிருந்து வளர்ந்த நாட்டுக்குப் போகும் நண்பர்கள் முதல் இன்கிரிமென்டைப் பார்த்து ‘வெறும் 3 சதவீதமா?’ என்று முகம் சுளிப்பது இதை மறந்துதான்.

வளைகுடா நாடுகளில்?

பலருக்குப் பல வருடம் ஒரே சம்பளம். ஐக்கிய அரபு அமீரகத்தில் வருடாந்திர உயர்வு தர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. போகும்போது பேசிய சம்பளம்தான் முக்கியம், அதிலும் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்பது. வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் பணிக்கொடையை அடிப்படைச் சம்பளத்தில்தான் கணக்கிடுகிறார்கள்: முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள், அதற்குப் பிறகு வருடம் 30 நாள். அலவன்ஸாகப் பிரித்துக் கொடுத்த பணம் இதில் வராது. உயர்வு கிடைத்து அது முழுக்க அலவன்ஸில் போட்டிருந்தால் மாதச் செலவுக்கு உதவும், கடைசி நாளுக்கு உதவாது.

எந்தத் தொழிலில் சம்பளம் ஏறிக்கொண்டே போகும்?

தொழிலுக்குத் தொழில் கோட்டின் வடிவம் மாறும். மருத்துவருக்கு முப்பது வயது வரை தரையோடு தரையாக இருந்து அப்புறம் செங்குத்தாக ஏறும். கால்பந்து வீரருக்கு முப்பத்தைந்தில் முடிந்துவிடும். ஓட்டுநர், பாதுகாவலர், கடை ஊழியர் போன்றவர்களுக்கு ஐந்து வருட அனுபவத்துக்கும் பதினைந்து வருட அனுபவத்துக்கும் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. அனுபவம் வேலையில் தெரியும், விலையில் தெரியாது. விமானி கதை தனி. பல விமான நிறுவனங்களில் எல்லாமே சேர்ந்த தேதியைப் பொறுத்தது; இருபது வருட கேப்டன் வேறு நிறுவனம் போனால் வரிசையின் கடைசியில் நின்று மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அதனால் அவர்கள் மாறுவதில்லை, சங்கம் வைத்துச் சண்டை போடுகிறார்கள்.

தொடக்கச் சம்பளமும் அதற்குப் பிறகான உயர்வும் வேறு வேறு சந்தைகள். இந்தியாவின் பெரிய மென்பொருள் சேவை நிறுவனங்களில் புதிதாகச் சேரும் பொறியாளருக்கு வருடம் மூன்று, மூன்றரை லட்சம் என்பது பத்து வருடத்துக்கு மேலாக ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. அதே நிறுவனங்களில் நான்கைந்து வருட அனுபவம் உள்ளவருக்கு நல்ல உயர்வு கிடைத்த வருடங்கள் உண்டு. படித்து வெளியே வருபவர்கள் லட்சக்கணக்கில், வேலை தெரிந்தவர்கள் ஆயிரக்கணக்கில், அவ்வளவுதான் ரகசியம்.

இங்கே ஒரு புதிரையும் சொல்ல வேண்டும். ஒரு ஆசிரியர் நூறு வருடத்துக்கு முன் நாற்பது பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார், இன்றும் ஏறக்குறைய அத்தனை பேருக்குத்தான். தொழிற்சாலைத் தொழிலாளி மாதிரி அவருடைய ‘உற்பத்தி’ பல மடங்கு ஆகவில்லை. ஆனாலும் அவர் சம்பளம் ஏன் ஏறியது? 1960-களில் வில்லியம் பாமல், வில்லியம் போவன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இசைக் கலைஞர்களை வைத்து இதை விளக்கினார்கள். நால்வர் வாசிக்க வேண்டிய இசையை எந்தக் காலத்திலும் நால்வர்தான் வாசிக்க வேண்டும், வேகமாக வாசித்து முடிக்கவும் முடியாது. ஆனால் அவர்களுக்குச் சம்பளம் ஏறாவிட்டால் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். ஒரு துறையின் வேகம் மற்றத் துறைகளின் சம்பளத்தையும் இழுத்துக்கொண்டு போகிறது. எனவே உங்கள் வேலையில் எதுவும் மாறாவிட்டாலும் உயர்வு கேட்க நியாயம் உண்டு. இது பொருளாதாரம், பிச்சை இல்லை.

வேலை மாறினால்தான் நல்ல உயர்வு என்பது உண்மையா?

பெரும்பாலான தனியார் வேலைகளில், நல்ல காலத்தில், ஆம். மேலே சொன்ன எக்செல் ஷீட்டில் ஏழு பேருக்கு 5 சதவீதம்தான் இருந்தது. ஆனால் புது ஆளை எடுக்கும் பணம் வேறு கணக்கிலிருந்து வருகிறது. அங்கே சந்தை விலையைக் கொடுத்தாக வேண்டும். உள்ளே இருப்பவரைவிட நேற்றுச் சேர்ந்தவர் அதிகம் வாங்கும் கொடுமை இப்படித்தான் உண்டாகிறது. நான் பார்த்த மனஸ்தாபங்களில் பாதி இதனால் வந்தவை.

ஆனால் இது எப்போதும் உண்மை இல்லை. அமெரிக்காவில் அட்லாண்டா மத்திய வங்கி, வேலை மாறியவர்களின் உயர்வையும் இருந்தவர்களின் உயர்வையும் மாதாமாதம் கணக்கெடுக்கிறது. 2022-ல் மாறியவர்கள் நன்றாக முந்தினார்கள். 2025-ன் தொடக்கத்தில் இடைவெளி ஏறக்குறைய மறைந்தே போயிற்று. ஆள் தேடும் சந்தை அடங்கினால் மாறுவதற்கான லாபமும் அடங்கும்.

ஆட்கள் போய்க்கொண்டே இருப்பதன் செலவு புரிந்தால் நிறுவனமே ஏற்றும். ஹென்றி ஃபோர்டு 1914-ல் ஒரு நாள் வருமானத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கி 5 டாலர் என்று அறிவித்தார். கருணை என்று சொல்பவர்கள் உண்டு. அதற்கு முந்தைய வருடம் அவர் தொழிற்சாலையில் ஆள் மாறும் விகிதம் 370 சதவீதம். அதாவது ஒரு இடத்தை நிரப்பி வைக்க வருடத்துக்கு மூன்று, நான்கு பேரை எடுக்க வேண்டியிருந்தது.

ராஜினாமா கொடுத்ததும் ‘நாங்களே தருகிறோம், இருங்கள்’ என்கிறார்கள். இருக்கலாமா?

போக நினைத்ததற்குக் காரணம் பணம் மட்டும்தான் என்றால் இருக்கலாம். வேறு காரணம் என்றால் அது ஆறு மாதத்தில் மறுபடி தலைதூக்கும். ஒன்று மட்டும் எழுத்தில் வாங்குங்கள்: இந்தத் தொகை அடுத்த வருட இன்கிரிமென்டின் முன்பணமா, தனியா? நான் போட்ட கடிதங்களில் பலவற்றில் அது முன்பணமாகத்தான் இருந்தது. அடுத்த ஏப்ரலில் அவர்கள் பெயருக்கு நேராகப் பூஜ்ஜியம்.

புது வேலையில் பழைய சம்பளத்தைக் கேட்கிறார்கள். சொல்ல வேண்டுமா?

நாட்டைப் பொறுத்தது. கலிஃபோர்னியாவில் 2018-லிருந்து முதலாளி அதைக் கேட்கவே கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த ஊதிய வெளிப்படைத்தன்மை நெறிமுறையும் அதையே சொல்கிறது, உறுப்பு நாடுகள் சட்டமாக்க 2026 ஜூன் 7 கெடு. ஒருமுறை குறைத்துச் சேர்ந்தவர், ‘பழையதில் 30 சதவீதம் கூட’ என்ற கணக்கில் வாழ்நாள் முழுக்கக் குறைவாகவே வாங்குவார். பெண்களுக்கு இது இன்னும் கடினம்: குழந்தை பிறந்த வருடங்களில் விழும் இடைவெளி அடுத்தடுத்த சதவீதங்களில் ஒட்டிக்கொண்டே வருகிறது. முதல் குழந்தைக்குப் பிறகுதான் ஆண் பெண் சம்பள இடைவெளி பெரிதாகிறது என்று காட்டிய ஆய்வுகளுக்காகவும்தான் கிளாடியா கோல்டினுக்கு 2023-ல் பொருளாதார நோபல் கிடைத்தது.

இந்தியாவில் பே ஸ்லிப்பே கேட்கிறார்கள். கொடுக்காமல் தப்புவது கஷ்டம். பொய் சொல்வது அதைவிட ஆபத்து.

சி.டி.சி. (எனக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு) 20 சதவீதம் ஏறியது. கையில் 6 சதவீதம்கூட ஏறவில்லை. எங்கே போயிற்று?

வேரியபிள் என்ற வரியில் முதலில் பாருங்கள். ‘கிடைக்கலாம்’ என்ற பணத்தையும் ‘கிடைக்கும்’ என்ற பணத்தோடு கூட்டியிருப்பார்கள். அப்புறம் நிறுவனத்தின் பி.எஃப். பங்கு, கிராஜுவிட்டி, காப்பீட்டு பிரீமியம். கடைசியாக வரி. பி.எஃப்.பில் போனது உங்கள் பணம்தான், தொலையவில்லை. வேரியபிளில் போனது ஏட்டுச் சுரைக்காய்.

சதவீதமாக ஏறுவது நல்லதா, தொகையாகவா?

குறைவாக வாங்குபவருக்குத் தொகை, அதிகம் வாங்குபவருக்குச் சதவீதம். சங்கப் பேச்சுவார்த்தைகளில் நள்ளிரவு வரை இழுக்கும் சண்டை இதுதான். 2023-ல் ஜெர்மனியின் மத்திய அரசு, நகராட்சி ஊழியர் ஒப்பந்தத்தில் இரண்டையும் கலந்தார்கள்: எல்லோருக்கும் 200 யூரோ, அதன் மேல் 5.5 சதவீதம், எப்படிப் போட்டாலும் 340 யூரோவுக்குக் குறையக் கூடாது. கடைநிலை ஊழியருக்கு இது பெரிய சதவீதம், அதிகாரிக்குச் சின்னது.

சட்டப்படி எனக்கு உயர்வு தந்தே ஆக வேண்டுமா?

ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், சங்க உடன்பாடு இருந்தால், குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போய்விட்டால், ஆம். மற்றபடி பெரும்பாலான நாடுகளில் இல்லை. குறைந்தபட்ச ஊதியமும் தானாக ஏறும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க மத்திய அரசின் 7.25 டாலர் 2009 ஜூலையிலிருந்து அசையவில்லை. பல மாநிலங்கள் தாங்களாக அதைவிட உயர்த்திக்கொண்டன. ஜெர்மனியில் 2015-ல் 8.50 யூரோவாகத் தொடங்கியது 2025-ல் 12.82 ஆகிவிட்டது. செயலி மூலம் டெலிவரி, டாக்ஸி ஓட்டுபவர்களுக்கு இந்தக் கேள்வியே பொருந்தாது. அங்கே சம்பளம் இல்லை, ரேட் இருக்கிறது. அது ஏறும்போதும் இறங்கும்போதும் கடிதம் வருவதில்லை.

மேலாளரிடம் எப்போது கேட்பது?

கடிதம் வந்த பிறகு கேட்காதீர்கள். ஒருமுறை ஒருவர் கடிதத்தோடு என்னிடம் வந்து, தன் வேலைகளை எல்லாம் வரிசையாக எழுதிய தாளை நீட்டினார். நல்ல தாள், பொய் ஒன்றும் இல்லை. தேதி ஏப்ரல் 10. அவருடைய எண் பிப்ரவரியிலேயே உறைந்துவிட்டது; மேலாளர் நினைத்தாலும் மாற்ற முடியாது, இன்னொருவரிடமிருந்து பிடுங்கினால் தவிர. அதே தாள் டிசம்பரில் வந்திருந்தால் அந்தச் சிவப்புக் கட்டம் வருவதற்கு முன்பே மேலாளர் மனதில் அவருக்கு ஒரு இடம் இருந்திருக்கும்.

பட்ஜெட் எந்த மாதம் முடிகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கு இரண்டு மாதம் முன்னால் பேசுங்கள். ‘விலைவாசி ஏறிவிட்டது’, ‘வீட்டுக்கடன் இருக்கிறது’ என்பவை உண்மைதான், ஆனால் மேலாளர் அதை எடுத்துக்கொண்டு போய் மேலே பேச முடியாது. ‘வெளியே இந்த வேலைக்கு இவ்வளவு தருகிறார்கள், நான் பேண்டில் இங்கே இருக்கிறேன்’ என்பதை எடுத்துக்கொண்டு போகலாம்.

கடிதம் வந்ததும் முதலில் எதைப் பார்ப்பது?

எல்லோரும் சதவீதத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் அமலாகும் தேதியைப் பாருங்கள். போன உயர்வு ஏப்ரலில் வந்து இந்த உயர்வு ஜூலையில் என்றால், பதினைந்து மாதத்துக்கு ஒரு உயர்வு. 10 சதவீதம் என்று எழுதியிருப்பது வருடக் கணக்கில் 8-க்குக் கீழே. அடுத்து அடிப்படைச் சம்பளம் எவ்வளவு கூடியது, வேரியபிள் எவ்வளவு கூடியது. பிறகு பெயரும் ஊழியர் எண்ணும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே பெயரில் இருந்த இரண்டு பேருக்குக் கடிதத்தை மாற்றிக் கொடுத்து, அதிகம் போட்டிருந்த கடிதத்தை ஒருவரிடமிருந்து திரும்ப வாங்கியிருக்கிறேன். என் உத்தியோகத்தில் அதைவிடக் கஷ்டமான மத்தியானம் இல்லை.